சமாதானம் என்று பெயரிட்ட கட்டை

என் சகலை என்னைக் கொல்லப்போகிறார் என்று நான் ஒரு வாரம் முழுவதும் மனமார நம்பினேன். இப்போது எழுதும்போது சிரிப்பு வருகிறது. நம்பிய நாட்களில் வந்தது சிரிப்பல்ல, பேதி. கொலைக்கருவி எது என்பதுகூட எனக்குத் தெரிந்திருந்தது. கிரிக்கெட் ஸ்டம்ப் ஒன்றை முழங்கை நீளத்துக்கு அறுத்து, முனையில் துளை போட்டு, உள்ளே ஈயத்தைக் காய்ச்சி ஊற்றி, கைப்பிடியில் சைக்கிள் டியூபைச் சுற்றிய ஒரு கட்டை. பிடித்த மீனின் மண்டையில் அடிப்பதற்கென்று அவரே செய்தது. மரம் பழுப்பேறி, முனை கறுத்து, உடம்பெல்லாம் பல் பதிந்த குழிகள். நான் பல் மருத்துவன். குழியைப் பார்த்தாலே எந்தப் பல், எந்தக் கோணத்தில், எவ்வளவு ஆத்திரத்தோடு இறங்கியது என்று சொல்லிவிடுவேன். அந்தக் கட்டையில் பதிந்திருந்தவை சாகிற நேரத்துக் கடிகள். அதற்குச் ‘சமாதானம்’ என்று பெயர். மீனுக்கும் மனிதனுக்கும் நடுவில் நடக்கும் சண்டையை அதுதான் முடித்து வைக்குமாம்.

சகலை என்றால் என் மனைவியின் அக்கா கணவர். ஓமான் நாட்டுச் சோஹாரில் ஒரு தொழிற்சாலையில் பராமரிப்புப் பொறியாளர். விருதுநகர்க்காரர், கல்லூரிச் சுற்றுலாவில் கன்னியாகுமரி போகும்வரை கடலையே பார்த்ததில்லை. வீட்டில் குரல் உயர்த்த மாட்டார். சட்டையை இஸ்திரி போட்டுத்தான் குப்பை கொட்டவே போவார். சாமி படத்துக்குப் பூ வைக்கும்போது காம்பு கிள்ளுவதிலும் ஒரு மென்மை இருக்கும். இதே மனிதர் குளிர்காலம் தொடங்கிவிட்டால் விடுமுறை நாளில் கடற்கரைப் பாறைமேல் ஏறி நின்று, வேறு ஆளாகிவிடுவார். அவர் தேடியது ஹமூரோ வஞ்சிரமோ அல்ல, சீலா; ஆங்கிலத்தில் பாரகுடா. ஈட்டியை நீட்டி உயிர் கொடுத்தது போல உடம்பு. மேல்தாடையைவிட நீண்ட கீழ்த்தாடை. வாய் நிறையக் கத்தி. பசிக்காக மட்டும் கடிக்கிற மீன் அது இல்லை. கண்முன்னால் எது மினுக்கினாலும் அதற்குப் பொறுக்காது. நாள் முழுக்கத் தோள் கழலத் தூண்டில் எறிந்தாலும் ஒன்றுகூட வராது. வந்தால் வருகிற வேகத்தில் ஆளை உலுக்கிவிடும். கிடைக்காமல் திரும்பும் நாட்களைத்தான் அவர் அதிக உற்சாகமாக விவரிப்பார். பிடித்ததைப் பற்றிப் பேச அவரிடம் இருந்தது ஒரே வாக்கியம்: “சமாதானமாயிருச்சு.”

என்னை அறிந்தவர்களுக்கு இதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை. யாரைப் பார்த்தாலும் மிமிக்ரி செய்கிறவன் நான். இப்படி ஒரு மனிதர் சொந்தத்தில் இருந்தால் நான் சும்மா இருப்பேனா? என் மகளின் பிறந்தநாளன்று துபாய் சத்வாவில் எங்கள் வீட்டு ஹாலில் கூட்டம் நிறைந்திருந்தது. நான் தோசைத் திருப்பியைக் கையில் எடுத்தேன். சோபாவில் கிடந்த திண்டுதான் மீன். சகலை பாறையில் நடக்கும் நடை, மூக்குக் கண்ணாடியைத் தள்ளிவிட்டுக்கொள்வது, “வா ராசா, வா” என்று மீனைக் கொஞ்சுவது, பிறகு திடீரென்று வெறிகொண்டு திண்டைத் துவைப்பது, பஞ்சு பறந்ததும் பெருமூச்சு விட்டு “சமாதானமாயிருச்சு” என்பது. வீடே குலுங்கியது. அவர் மனைவி கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அவர் மட்டும் சிரிக்கவில்லை. ஒரு கையைக் கன்னத்தில் ஊன்றி, தாடை இறுகி, கண்ணை எடுக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முன்னால் முறுக்குத் தட்டு. என் மாமியார் ஊரிலிருந்து கொடுத்தனுப்பிய, அவருக்கு உயிரான கைமுறுக்கு. ஒன்றைக்கூடத் தொடவில்லை. கேக்கையும் தொடவில்லை. குளிர்ந்த பழச்சாற்றை ஒரு மிடறு குடித்துவிட்டு, முகம் கோணி, கோப்பையைத் தள்ளி வைத்தார். சாப்பாட்டுக்கு முன்பே “கெளம்புறோம்” என்று எழுந்துவிட்டார்.

எங்கள் பக்கத்தில் இதற்கு ஒரே அர்த்தம்தான். சம்பந்தம் கட்டிய வீட்டில் கை நனைக்காமல் ஒருவன் எழுந்து போனால், உறவு அறுந்தது என்று பொருள். கை நனைக்காத கோபத்தில் ஆரம்பித்து வெட்டுக்குத்தில் முடிந்த கதைகள் எங்கள் குடும்பத்திலேயே உண்டு. என் பெரியப்பா ஒருவர் பந்தியில் இலையை மடக்காமல் எழுந்துபோனதற்கு, அடுத்த பொங்கலுக்குள் இரண்டு பேர் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். அந்த இரத்தம்தான் என்னிடமும் ஓடுகிறது. ஆனால் வெட்டுகிறவர்களின் வீரம் அதில் இல்லை, வெட்டுப்பட்டவர்களின் நடுக்கம்தான் இருக்கிறது.

இரண்டு நாள் கழித்து அவரே போன் செய்தார். குரலே மாறியிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு பேசினார். வார்த்தைகள் உதட்டோரத்தில் கசிந்து வந்தன.

“சனிக்கெழம இங்கிட்டு வாங்க சகல. மீன் பிடிக்கன்னு சொல்லிட்டு வாங்க. தனியா வாங்க.”

வீட்டுக்கா என்று கேட்டேன்.

“வீட்டுக்கு வேணாம். நேரா பாறைக்கு வந்துருங்க. வீட்ல அக்காவுக்கு எதுவும் தெரிய வேணாம்.”

மனைவியிடம் சொன்னேன். அவள் காய் நறுக்குவதை நிறுத்தவே இல்லை. “நாலு அடி அடிச்சா வாங்கிக்கங்க. நல்ல மனுசனை அத்தனை பேரு முன்னாடி கோமாளியாக்குனீங்கல்ல?” என்றாள். நாலு அடியோடு நிற்கக்கூடிய கட்டையா அது? அந்த வாரம் நோயாளிகளின் வாயில் ஊசி இறக்குமுன் மருந்தின் பெயரை இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். எப்போதும் சொல்லும் “எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும்” என்ற ஆறுதலைச் சொன்னபோது என் குரல் எனக்கே ஆறுதலாக இல்லை. போகாமல் இருந்திருக்கலாமே என்று கேட்பீர்கள். போகாவிட்டால் பகை உறுதியாகிவிடும். கூப்பிட்டும் வராதவன் என்ற பேரும் சேரும். சாவதைவிடச் சொந்தக்காரர்களின் பேச்சுக்குப் பயப்படுகிறவன் நான்.

சனிக்கிழமை விடியலில் கிளம்பினேன். எல்லையில் பாஸ்போர்ட்டில் வெளியேறும் முத்திரை விழுந்த சத்தத்தில் உடம்பு ஒருமுறை தூக்கிப்போட்டது. சோஹாரில் ஆலைப் புகைபோக்கிகளைத் தாண்டி, மீனவர் படகுகள் ஏற்றி வைத்திருக்கும் மணலைக் கடந்தால், கடலுக்குள் நீளும் ஒரு கல்வரிசை. அலையைத் தடுக்கக் கொட்டியவை; ஒவ்வொன்றும் ஒரு மாடு படுத்திருக்கும் அளவு. சகலை தன் காரின் பின்கதவைத் திறந்து நின்றுகொண்டிருந்தார். உள்ளே பார்த்தேன். நைலான் கயிறு. மடக்கிய தார்ப்பாய். கறுப்புக் குப்பைப் பைகள், பெரிய அளவு. ரப்பர் கையுறை. வளைந்த இரும்புக் கொக்கி. வயிற்றைக் கீறும் கத்தி. எல்லாவற்றுக்கும் மேலே, பிள்ளையாரைப் போல, சமாதானம். அவர் சிரிக்காமல் தலையை அசைத்தார். கன்னத்தில் ஒரு வாரத் தாடி. அருகில் போனபோது அவர்மேல் கிராம்பு வாசனை அடித்தது. அக்கா பிரியாணி செய்திருக்கிறார் போலும் என்று நினைத்தேன். கடைசிச் சாப்பாடாவது நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன்.

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அந்த நேரம் பார்த்து இன்னொரு கார் வந்து நின்றது. இறங்கியவர் அவருடைய அலுவலகத்துக் கணக்காளர், யாழ்ப்பாணத்துக்காரர். எல்லோருக்கும் அவர் அண்ணை, அவருக்கு எல்லோரும் ‘ஐசே’. கட்டைக்குச் சமாதானம் என்று பெயர் வைத்தவரும் அவர்தான். அழைக்காமலே வந்திருக்கிறார் என்பது சகலையின் முகத்தில் தெரிந்தது. எனக்கோ வேறு கணக்கு ஓடியது: கால் பக்கம் பிடிக்க ஓர் ஆள் வேண்டுமே.

அண்ணை வந்ததும் பேச்சு தானாகவே மீன்பிடிக்கும் இடங்களின் பக்கம் திரும்பியது. தூண்டில்காரர்கள் இரண்டு பேர் சேர்ந்தால் மீனைப் பற்றிப் பேசுவார்கள் என்று நினைப்பது தவறு. தண்ணீரைப் பற்றித்தான் பேசுவார்கள். அண்ணைக்குப் பிடித்தது சவூதியின் ஜுபைல். முதன்முதலில் வளைகுடாவுக்கு வந்து கேம்பில் இருந்த காலத்தில், லீவு நாட்களில் நடந்து போய் நின்ற ஆழமற்ற கடல் அது. கண்ணாடித் தட்டுப் போலத் தண்ணீர், அடியில் புல். சீலா வருவது தூரத்திலேயே தெரியுமாம். முதலில் நிழல், பிறகு அந்த நிழலுக்கு ஒரு கண். “பிடிக்கிறது பெரிசில்லை, ஐசே. உம்மைக் கொல்ல ஒண்டு வருது எண்டு தெரிஞ்சுகொண்டு, அசையாமல் நிக்கிறீர் பாரும், அதுதான் ருசி,” என்றார் என்னைப் பார்த்து. அதை என்னைப் பார்த்து ஏன் சொல்ல வேண்டும்? துபாயில் என் நோயாளி ஒருவர் புஜைராவைப் பற்றி, என் இரண்டு விரல் வாய்க்குள் இருக்கும்போதே புகழ்ந்து பேசுவார். அங்கே மலை கடலுக்குள் இறங்கும் இடத்தில் நின்று எறிந்தால், ஒரு மீனும் கிடைக்காவிட்டாலும் மனைவியின் போனுக்கு சிக்னல் கிடைக்காது என்பதுதான் அவருக்கு அந்த இடத்தின் மகிமை. எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு: சத்வாவில் எங்கள் தெருமுனை மீன்கடை. ஐஸ்மேல் கிடக்கும் மீன் எதுவும் யாரையும் கடித்ததாக வரலாறு இல்லை.

சகலைக்கு இந்தக் கல்வரிசைதான். ஏன் என்று கேட்டால் அதற்குமுன் பதில் சொன்னதில்லை. அன்றைக்குச் சொன்னார். வாயை அதிகம் திறக்காமல், கடலைப் பார்த்தபடி சொன்னார்.

“மத்த எடத்துல தூரத்துல கடிக்கும் சகல. இங்க பாறையை ஒட்டியே ஆழம். காலடி வரைக்கும் பின்னாடியே வரும். மூஞ்சியப் பாத்துட்டுத்தான் அடிக்கும்.”

அதில் ஒரு தொழில்முறையும் இருந்தது. தூண்டிலில் இரைக்குப் பதில் மாட்டிய பொய்மீனை எறிந்து, சுருட்டிக் கொண்டுவந்து, கால்பக்கத்தில் வந்ததும் தூக்கிவிடக் கூடாது. தூண்டில்கோலின் நுனியைத் தண்ணீருக்குள் விட்டு, பாறையோரமாகவே பக்கவாட்டில் ஒரு நீண்ட வளைவு போட வேண்டும். பின்தொடர்ந்து வந்த சீலா முடிவெடுப்பது அந்த வளைவில்தான். ஒவ்வொரு எறிதலுக்கும், ஒன்றும் வராத நூறாவது எறிதலுக்கும் அந்த வளைவைப் போட்டாக வேண்டும். அவசரப்பட்டு மேலே தூக்கினால் மீன் தண்ணீரோடு நிற்காது, பின்னாலேயே பறந்து வரும் என்று அண்ணை எச்சரித்தார். நான் தலையாட்டினேன். பயந்தவன் தலையாட்டுவான், காது கேட்காது.

வெயில் ஏறியபோது கடலில் கொலை தொடங்கியது. மத்திக் கூட்டம் ஒன்று கரையோரம் ஒதுங்கியிருந்தது. சீலாக்கள் அதைப் பாறைக்கும் ஆழத்துக்கும் நடுவில் வைத்து அடைத்துவிட்டன. தண்ணீர் கொதித்தது. மத்திகள் வெள்ளிக்காசை அள்ளி வீசியது போலத் துள்ளி, ஓட இடமில்லாமல் காய்ந்த கல்மேலேயே வந்து விழுந்து துடித்தன. கீழே பாதி உடல்கள் சுழன்றன. தலை மட்டும், வால் மட்டும், நடுத்துண்டு மட்டும். சீலா விழுங்குவதில்லை, வெட்டிவிட்டுப் போகிறது. வெட்டியதைத் தின்னத் திரும்பி வருகிறது, வருகிற வழியில் இன்னொன்றை வெட்டுகிறது. எண்ணெயும் இரத்தமும் கலந்து தண்ணீர் மழமழவென்று ஆனது. நாற்றம் தொண்டையில் ஏறியது. சகலையின் கோல் வளைந்தது.

அவர் அதை இழுத்து ஏற்றிய விதத்தை நான் பிறந்தநாளன்று நடித்துக் காட்டியது குழந்தை விளையாட்டு. “வா ராசா” எல்லாம் இல்லை. மூச்சு மட்டும். மீனைக் கொக்கியால் செவுளில் குத்தித் தூக்கி, கல்மேல் போட்டு, இடது கையால் கழுத்தை அமுக்கி, வலது கையால் அடித்தார். ஈயம் எலும்பில் இறங்கும் சத்தம் தேங்காய் உடைகிற சத்தம் போல இருக்காது. நனைந்த மரம் பிளப்பது போல இருக்கும். மீன் ஒரு நீண்ட நடுக்கம் நடுங்கி நின்றுவிட்டது. அவர் நிற்கவில்லை. மறுபடி அடித்தார். மறுபடியும். கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, உள்ளே எதையோ நசுக்குவதுபோல அடித்தார். ஒரு கண் தெறித்துக் கல்லிடுக்கில் போய் விழுந்தது.

“போதும், ஐசே. அது எப்பவோ செத்துப்போச்சு,” என்றார் அண்ணை.

சகலை கன்னத்தைத் தோளில் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். “இப்ப நீங்க,” என்றார்.

கோல் என் கையில். அவர் எனக்குப் பின்னால், இரண்டு கை தூரத்தில், இரத்தம் சொட்டும் கட்டையோடு. முன்னால் கடல், பின்னால் சகலை. எறிந்தேன். சுருட்டினேன். ஒரு கண் தண்ணீரில், ஒரு கண் தோளுக்குப் பின்னால். பொய்மீன் காலடிக்கு வந்தது. அந்தக் கணத்தில் அவர் ஓர் அடி முன்னால் எடுத்து வைத்தார். “சகல, ஒண்ணு கேக்கணும்,” என்றார், மிகத் தாழ்ந்த குரலில்.

நான் வளைவும் போடவில்லை, வணக்கமும் போடவில்லை. கோலை இரண்டு கையாலும் பிடுங்கித் தூக்கினேன்.

தண்ணீர் பிளந்தது. மீன் வந்ததை நான் பார்க்கவில்லை; அதன் வாயைத்தான் பார்த்தேன். என் வாழ்நாள் முழுதும் மேலிருந்து கீழே பார்த்த ஒன்றை அப்போதுதான் நேருக்கு நேர் பார்த்தேன். முன்வரிசையில் வெளியே நீட்டிய கோரைகள், உள்ளே இன்னொரு வரிசை, ஒவ்வொன்றும் முன்னும் பின்னும் கூரானது. மார்பில் வந்து மோதி என்னை மல்லாக்கச் சாய்த்தது. பொய்மீனில் மூன்று முனை முள் ஒன்று வாலில் தொங்கும். அதன் இரண்டு முனை சீலாவின் தாடையில் ஏறியிருந்தது. மூன்றாவது முனை என் வலது கையில், கட்டைவிரலின் அடிச்சதையில், வளைவு வரை. நானும் சீலாவும் ஒரே இரும்பில் கோர்க்கப்பட்டிருந்தோம். அது துடித்தது. ஒவ்வொரு துடிப்புக்கும் முள் சதைக்குள் ஒரு கோடு கிழித்தது. உள்ளே வெள்ளையாக ஏதோ தெரிந்தது. என்னவென்று எனக்குத் தெரியும், படித்திருக்கிறேன். அது அறுந்தால் அப்புறம் நான் குறடு பிடிக்க முடியாது, ஊசி பிடிக்க முடியாது. பல் வைத்தியம் கட்டைவிரலில் இருக்கிறது. என் இரண்டு பெண் பிள்ளைகளின் படிப்பும், சத்வா வீட்டு வாடகையும், நான் என்று நான் நினைத்துக்கொண்டிருப்பதும் அந்த விரலின் அடியில் ஒரு வெள்ளைக் கயிறாகத் தொங்கிக்கொண்டிருந்தன.

நிமிர்ந்தேன். வெயிலை மறைத்துக்கொண்டு சகலை. கட்டை தலைக்குமேல்.

என் வாயிலிருந்து வந்ததை அண்ணை இன்றுவரை நடித்துக் காட்டுகிறார். மிமிக்ரிக்காரனுக்கு மிமிக்ரியாலேயே தண்டனை. “சகல, மன்னிச்சிருங்க, திண்டை அடிச்சது தப்பு, பொம்பளப் பிள்ளைங்க இருக்கு சகல.”

சகலை காதில் வாங்கவே இல்லை. முட்டி போட்டு விழுந்தார். கையுறையைக் கழற்றியிருந்த இடது கையை மீனின் செவுளுக்குள் செருகி, தலையைக் கல்லோடு சேர்த்து அழுத்தினார். துடிப்பு நின்றால்தான் என் விரல் நிற்கும் என்று அவர் ஒருவருக்குத்தான் அங்கே புத்தி வேலை செய்தது. “கைய அசைக்காதீங்க. உங்க கைய அசைக்காதீங்க,” என்றார். கட்டை இறங்கியது. நான் அசைத்தேன். உயிர் தப்பிக்கப் பின்னால் உருண்டேன். மீன் தலை என்னோடு திரும்பியது. அவருடைய விரல்கள் செவுளிலிருந்து வாய்க்குள் போயின. வாய் மூடியது. அதன்மேல் அடி விழுந்தது.

சத்தம் வித்தியாசமாக இருந்தது. மீனின் எலும்புச் சத்தம் இல்லை.

அவர் ஒரு முறை கத்தினார். காகங்கள் எழும்பின. பிறகு, விரல்கள் உள்ளேயே இருக்க, அதே கட்டையை மறுபடி ஓங்கி, இந்த முறை சரியான இடத்தில் அடித்தார். மீன் அடங்கியது. அண்ணை பிளையரோடு வந்து முள்ளை நடுவில் வெட்டி என்னைப் பிரித்தார். சகலையின் விரல்களை வெளியே எடுக்கக் கத்தியால் தாடையின் மூட்டைப் பிளக்க வேண்டியிருந்தது. சுண்டுவிரலும் மோதிரவிரலும் தோலில் தொங்கின. கல்லில் இருந்த இரத்தத்தில் எது என்னுடையது, எது அவருடையது, எது சீலாவுடையது என்று பிரித்துச் சொல்ல முடியாது. சகலை என் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். “கட்டை வெரல மடக்குங்க பாப்போம்,” என்றார். மடக்கினேன். மடங்கியது. “சரி,” என்றார். அதன்பிறகுதான் தன் கையைப் பார்த்தார்.

ஆஸ்பத்திரியில் மலையாள நர்ஸ் ஒருவர் என் கையில் ஊசி போட வந்து, பயப்பட ஒன்றுமில்லை, எறும்பு கடிப்பது போல இருக்கும் என்றார். எறும்பைப் பற்றி இத்தனை வருடம் எவ்வளவு பெரிய பொய் சொல்லி வந்திருக்கிறேன் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. முள்ளை முன்னால் தள்ளி, அதன் நுனியை வெட்டி, பின்னால் உருவினார்கள். அந்த வெள்ளைக் கயிறு தப்பியது. சகலையை அறுவைச் சிகிச்சைக்கு உருட்டிப்போகும்போது நான் கூடவே நடந்தேன். அப்படியானால் என்னைக் கொல்வதற்காகக் கூப்பிடவில்லையா என்று, மயக்கத்தில் போகிற மனிதரிடம், கேட்டேவிட்டேன். அவர் என்னை உற்றுப் பார்த்தார். சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பு பாதியில் நின்று, முகம் கோணி, கட்டுப்போட்ட கையை விட்டுவிட்டுக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். அதையும் பார்த்தேன். பார்த்தும், மீன் வால் பட்டிருக்கும் என்று நினைத்தேன். தங்கப் பதக்கம் வாங்கிய மாணவன் நான்.

எலும்பு கூடிவிட்டது. விரல்கள் இரண்டும் இன்றைக்கும் மடங்குவதில்லை. தேநீர்க் கோப்பையைப் பிடிக்கும்போது பழைய சினிமா ஜமீன்தார் போல நீட்டிக்கொண்டு நிற்கும். கோல் பிடிப்பார், சுருட்டுவார், அந்தக் காலடி வளைவை எவனும் போட முடியாதபடி போடுவார். ஆனால் மீனை அமுக்க இடது கைக்குப் பிடி இல்லை. அதனால் ஒவ்வொரு குளிர்காலமும் நான் சோஹாருக்குப் போகிறேன். அமுக்குவதும் அடிப்பதும் இப்போது என் வேலை. முதல் அடியிலேயே முடித்துவிடுவேன். தவறி விழுந்த அடியை வாங்கிய விரல்களைப் பக்கத்தில் பார்த்துக்கொண்டு அடிப்பதால் குறி தப்புவதில்லை. புஜைரா நோயாளி எனக்குப் பிடித்த இடம் எது என்று கேட்டால், மீன்கடை என்று இப்போது சொல்வதில்லை. கல்வரிசை என்கிறேன். காரணம் கேட்டால் வாயைத் திறக்கச் சொல்லிவிடுகிறேன்.

மற்ற மாதங்களில் சமாதானம் என் கிளினிக்கில், கருவிகள் இருக்கும் அலமாரிக்குக் கீழ் இழுப்பறையில் இருக்கிறது. அது அங்கே வந்து சேர்ந்தது அந்த விபத்துக்குச் சில வாரம் கழித்து. கடைசி நோயாளி போய், நான் கையைக் கழுவிக்கொண்டிருந்த மாலை. கதவைத் தள்ளிக்கொண்டு சகலை நின்றார். தனியாக. இடது கையில் கட்டு, வலது கையில் கட்டை. குழாயை மூடாமலே நான் ஓரடி பின்வாங்கினேன். அவர் நேராக வந்து நாற்காலியில் ஏறிப் படுத்தார். இஸ்திரி போட்ட சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. என் சகலை என் நாற்காலியில் உட்கார்வது அதுதான் முதல் தடவை. கைக்கு ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரைகளில் கொஞ்ச நாள் அடங்கிக் கிடந்த வலி மறுபடி கிளம்பிவிட்டதாம். “ஊசிக்குப் பயம்னு அக்காவுக்குத் தெரிஞ்சா மானம் போயிரும்,” என்றார். “அன்னிக்குப் பாறையில கேக்கலாம்னு வந்தேன். அண்ணை வந்துட்டாரு. அப்புறம் மீன் வந்துருச்சு.” சீலாவின் வாய்க்குள் கையை விட்ட மனிதரின் கால்கள் இரண்டும் நாற்காலியில் தட்தட்டென்று அடித்துக்கொண்டன. விளக்கைத் திருப்பினேன். ஊசியை எடுத்தேன். தழும்பு காயாத கட்டைவிரல் நன்றாகவே மடங்கியது.

“எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும் சகல,” என்றேன்.

“மீன்கிட்ட நானும் அப்படித்தான் சொல்லுவேன்,” என்றார், கட்டையை மார்போடு இறுக்கிக்கொண்டு.

கீழ்த்தாடை, இடப்பக்கக் கடைவாய்ப் பல். வேரில் சீழ் கட்டி, இரண்டாகப் பிளந்திருந்தது. என் மகளின் பிறந்தநாளுக்கு முந்தின நாளிலிருந்தே அப்படித்தான் இருந்திருக்கிறது. அன்று அவருக்குப் பல்வலி. முறுக்கைக் கடிக்க முடியவில்லை.